வீட்டு கேமராவுக்கு மாற்று டிவிஆர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் படியுங்கள்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது நான் லாஸ்பேட்டையில் இருந்தேன், அப்பாவும் அம்மாவும் கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டில். ஒரே நாளில் புதுச்சேரியில் சுமார் 48 செ.மீ. மழை. போனில் கேமராவைத் திறந்து வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கரன்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, அப்புறம் ஒரு கட்டத்தில் படம் நின்றது, திரும்ப வரவே இல்லை. தென்பெண்ணை வெள்ளம் வடிந்த பிறகு ஊருக்குப் போய்ப் பார்த்தால் கேமராப் படங்களைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை.

அன்றைக்கே ஒரு கடையில் நாலு சேனல் டிவிஆர் ஒன்று வாங்கி வந்து மாட்டினோம். நாலு கேமராவில் இரண்டில்தான் படம் வந்தது, மற்ற இரண்டிலும் ‘வீடியோ லாஸ்’. கடையில் கேட்டால் கேமரா போய்விட்டது, மாற்றுங்கள் என்றார்கள். கேமரா போகவில்லை. அந்த இரண்டும் பின்னால் வாங்கிய 5 மெகாபிக்சல் கேமரா, புதுப் பெட்டியோ 2 மெகாபிக்சலுக்கு மேல் எடுக்காது. அதைவிட வருத்தமான விஷயம் ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது: பழைய டிவிஆரும் போகவில்லை, அதன் அடாப்டர்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு தெருவில், சொந்தக்காரர்கள் வீட்டில் என்று பல டிவிஆர்களை மாற்ற உதவியிருக்கிறேன். ரெக்கார்டரை எல்லோரும் கடையில் போய்த்தான் தேடுகிறார்கள், ஆனால் உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் கேமராவும் அதற்குள் ஓடும் கேபிளும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. அதனால் வீட்டிலிருந்தே ஆரம்பிப்போம்.

முதல் படி: பெட்டி உண்மையிலேயே போய்விட்டதா?

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பல ஆயிரம் மிச்சமாகலாம்.

விளக்கே எரியவில்லை என்றால் முதலில் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். வீட்டு டிவிஆர்களில் பெரும்பாலானவை 12 வோல்ட்டில் ஓடுபவை, பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் வோல்ட், ஆம்பியர் இரண்டும் போட்டிருக்கும். அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ள இன்னொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். வோல்ட் மட்டும் மாறவே கூடாது. பிஓஇ (லேன் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரன்ட் கொடுக்கும் வசதி) உள்ள சில என்விஆர்களுக்கு (நெட்வொர்க் கேமராக்களுக்கான ரெக்கார்டர்) 48 வோல்ட் அடாப்டர் வரும், அதை எடுத்து 12 வோல்ட் பெட்டியில் குத்தினால் நல்ல பெட்டியும் போய்விடும்.

பெட்டி எழுந்து, பீப் அடித்து, அணைந்து, மறுபடி எழுந்து என்று சுற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் பல நேரம் அடாப்டர் வேலைதான். ஹார்ட் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில நொடிகளில் 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், வருஷக்கணக்கில் ஓடித் தளர்ந்த அடாப்டர் அதைத் தாங்காமல் விழுந்துவிடும். மூடியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள் (கரன்டைப் பிடுங்கிய பிறகுதான் கழற்ற வேண்டும்). டிஸ்க் இல்லாமல் பெட்டி நிம்மதியாக ஓடுகிறது என்றால் குற்றவாளி டிஸ்க் அல்லது அடாப்டர், பெட்டி இல்லை.

மெனு வருகிறது, ஆனால் எந்தக் கேமராவிலும் படம் இல்லை என்றால் கேமராக்களுக்குக் கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியைப் பாருங்கள், அதாவது எஸ்எம்பிஎஸ். நாலு கேமராவும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது அபூர்வம். ஒரே ஒரு கேமராவில் மட்டும் படம் இல்லையா? அதன் பிஎன்சி கனெக்டரை (பெட்டியின் பின்னால் திருகிப் பூட்டும் உலோக முனை) படம் வரும் வேறு சேனலில் மாட்டிப் பாருங்கள். அங்கே வந்தால் டிவிஆரின் அந்தச் சேனல் போயிருக்கிறது, அங்கேயும் வராவிட்டால் கேபிள் அல்லது கேமரா.

நேரடிப் படம் தெரிகிறது, பிளேபேக் மட்டும் இல்லை என்றால் டிஸ்க். ஒவ்வொரு முறை கரன்ட் போய் வந்ததும் தேதி பல வருஷம் பின்னால் போகிறது என்றால் போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல், சில பத்து ரூபாய் விஷயம். எல்லாம் ஓடுகிறது, போனில் மட்டும் படம் வரவில்லை என்றால் லேன் போர்ட்டைப் பாருங்கள். இடி இறங்கிய பிறகு லேன் போர்ட்டும் எச்டிஎம்ஐ போர்ட்டும் மட்டும் தனியாகப் போய்விடுவதை இந்தக் கடலோரத்தில் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் பார்த்தும் எழவில்லை, அல்லது பிரித்தால் கருகிய வாடை வருகிறது. சரி, புதுசு வாங்கத்தான் வேண்டும்.

இரண்டாம் படி: கேமராவின் ஜாதகத்தை எழுதுங்கள்

பெட்டியின் பின்னால் வரும் கேபிளைப் பாருங்கள். உருண்டையாக, திருகிப் பூட்டும் உலோக முனை என்றால் அது பிஎன்சி, உங்கள் கேமராக்கள் அனலாக் எச்டி வகை, உங்களுக்கு வேண்டியது டிவிஆர். கடைக்காரர்கள் 3+1 கேபிள் என்பது இதைத்தான்: படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், கரன்டுக்கும் ஆடியோவுக்கும் மூன்று கம்பி. கம்ப்யூட்டர் லேன் கேபிள் மாதிரி சதுர முனை என்றால் ஐபி கேமரா, அதாவது நெட்வொர்க் கேமரா, வேண்டியது என்விஆர். லேன் கேபிள் போட்டு அதன் நுனியில் சின்னதாக ‘வீடியோ பலூன்’ என்ற மாற்றியை வைத்து பிஎன்சியாக மாற்றியிருக்கும் வீடுகளும் உண்டு. அது அனலாக்தான், கேபிளைப் பார்த்து ஏமாறாதீர்கள், பெட்டியில் எந்த முனை செருகுகிறது என்பதுதான் கணக்கு.

அனலாக்கில் இன்னொரு சிக்கல், சிக்னல் ஒரே மாதிரி கிடையாது. டாஹுவா கொண்டுவந்தது எச்டி-சிவிஐ, ஹிக்விஷன் தன் டர்போ எச்டி வரிசையில் பயன்படுத்துவது எச்டி-டிவிஐ, மூன்றாவதாக ஏஎச்டி, அப்புறம் ரொம்பப் பழைய சிவிபிஎஸ். ஒரு வகை மட்டும் எடுக்கும் பெட்டியில் வேறு வகைக் கேமராவை மாட்டினால் படம் வராது, வந்தாலும் கறுப்பு வெள்ளையாக உருளும். இதனால்தான் இப்போது வரும் எக்ஸ்விஆர் வகைப் பெட்டிகள் இந்த நாலையும் ஐபியையும் சேர்த்து எடுக்கும்படி செய்யப்படுகின்றன, ‘பென்டாபிரிட்’ அல்லது ‘5 இன் 1’ என்று போட்டிருக்கும். மாற்றுப் பெட்டி வாங்குபவர் இதற்குக் கீழே இறங்கவே வேண்டாம் என்பது என் கருத்து, வீட்டில் ஒரே பிராண்டு கேமராதான் இருக்கிறது என்றாலும்கூட, ஏனென்றால் நாளைக்கு ஒரு கேமரா கெட்டால் எந்தக் கடையில் எது கிடைக்கிறதோ அதை மாட்டிக்கொள்ளலாம்.

ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கேமராவின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுங்கள். மாடல் நம்பர் கிடைத்தால் மெகாபிக்சல், சிக்னல் வகை, உள்ளே மைக் இருக்கிறதா என்று மூன்றும் தெரிந்துவிடும். நான் அடிபட்ட இடம் மெகாபிக்சல்தான். புதுப் பெட்டி உங்கள் கேமராக்களில் எது பெரியதோ அந்த அளவை எடுக்க வேண்டும். 5 மெகாபிக்சல் கேமரா, 2 மெகாபிக்சல் பெட்டி என்றால் பல நேரம் படமே வராது. சில கேமராக்களின் கேபிளில் ஒரு சின்னப் பொத்தான் தொங்கும், அதை ஒரு பக்கமாகச் சில நொடி அழுத்திப் பிடித்தால் சிக்னல் வகை மாறும், ஆனால் எல்லாக் கேமராவிலும் அது கிடையாது.

மைக் விஷயத்தையும் கவனியுங்கள். கோஆக்ஸியல் கேபிள் வழியாகவே ஆடியோ அனுப்பும் கேமரா என்றால் பெட்டியும் அதை ஏற்பதாக இருக்க வேண்டும். தனி மைக் வைத்து ஆர்சிஏ பின்னில் மாட்டியிருந்தால் எண்ணிப் பாருங்கள், நாலு சேனல் பெட்டிகள் பலவற்றில் ஒரே ஒரு ஆடியோ துளைதான் இருக்கும்.

மூன்றாம் படி: டிவிஆரா, என்விஆரா?

பெட்டி போன சாக்கில் எல்லாவற்றையும் ஐபிக்கு மாற்றச் சொல்வார்கள். கேமராக்கள் நன்றாக இருந்து, கேபிள் சுவருக்குள் போயிருந்தால் மாற்றாதீர்கள். என்விஆரில் அனலாக் கேமராவை நேரடியாக மாட்ட முடியாது, அதனால் பெட்டி, கேமரா, கேபிள், பிஓஇ சுவிட்ச், சுவர் உடைப்பு என்று செலவு ஒன்றன் பின் ஒன்றாக வரும். எக்ஸ்விஆர் வாங்கினால் இருக்கும் அனலாக் கேமராக்களோடு ஒன்றிரண்டு ஐபி கேமராவையும் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை சேர்க்கலாம் என்பதை மட்டும் மாடல் விவரத்தில் பாருங்கள்.

ஏற்கெனவே ஐபி கேமராதான் என்றால் மூன்று கேள்வி. கேமரா ஓஎன்விஐஎஃப் ஏற்குமா? வேறு பிராண்டு என்விஆரோடு பேச அதுதான் பொது மொழி, வீட்டு வைஃபை கேமராக்கள் சிலவற்றில் அது இருக்காது. என்விஆர் ஒரே நேரத்தில் உள்ளே வாங்கக்கூடிய டேட்டா வேகம் எத்தனை எம்பிபிஎஸ் (நொடிக்கு எத்தனை மெகாபிட்)? எல்லாக் கேமராவின் பிட்ரேட்டையும், அதாவது அவை அனுப்பும் டேட்டா வேகத்தையும், கூட்டினால் அதற்குள் அடங்க வேண்டும். என்விஆரே பிஓஇ கரன்ட் கொடுக்கிறதா, தனி சுவிட்ச் வேண்டுமா?

பெட்டியோடு புதுக் கேமராவும் வாங்குவதானால் இன்னொன்று. 2025 ஏப்ரல் முதல் சிசிடிவி கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. யாராவது பழைய ஸ்டாக்கை ரொம்பக் குறைந்த விலைக்குத் தள்ளினால் மாடல் நம்பரை வைத்து அந்தச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள்.

சேனல் எண்ணிக்கையில் யோசிக்க ஒன்றுமில்லை. நாலு கேமரா இருந்தால் எட்டு சேனல் வாங்குங்கள். மாடிப்படி, பின்பக்கச் சந்து என்று ஐந்தாவது கேமரா எப்படியும் வரும்.

நான்காம் படி: ‘லைட்’ என்ற சொல்லைத் தேடுங்கள்

அட்டைப்பெட்டியில் 1080பி என்று பெரிதாகப் போட்டிருக்கும். விவரக் குறிப்பில் பதிவு அளவு என்ற வரியைப் படித்தால் ‘1080பி லைட்’ அல்லது ‘1080என்’ என்று இருக்கும். முழு 1080பி என்பது 1920க்கு 1080 புள்ளிகள், லைட் என்பது 960க்கு 1080. அகலத்தில் பாதியை எறிந்துவிட்டுப் பதிவு செய்கிறது, பார்க்கும்போது இழுத்துக் காட்டுகிறது. திரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. தெரு முனையில் நின்ற பைக்கின் நம்பரைப் பெரிதாக்கிப் பார்க்கும் அன்றைக்குத்தான் தெரியும், நமக்கு வேண்டியதும் அந்த ஒரு நாள்தான். 5 மெகாபிக்சலிலும் இதே ‘லைட்’ உண்டு.

அதே வரியில் நொடிக்கு எத்தனை பிரேம் என்றும் இருக்கும். வீட்டுக்கு 12 முதல் 15 பிரேம் போதும், 25 இல்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

வீடியோவைச் சுருக்கிப் பதியும் எச்.265 முறை கட்டாயம் வேண்டும், பழைய எச்.264 மட்டும் உள்ள பெட்டியை இப்போது வாங்காதீர்கள். காரணம் அடுத்த படியில்.

ஐந்தாம் படி: ஹார்ட் டிஸ்க் கணக்கு

இதை நீங்களே போடலாம். ஒரு கேமரா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் 24 மணி நேரம் எழுதினால் 10.8 ஜிபி ஆகும். 2 மெகாபிக்சல் கேமராவுக்கு எச்.265-இல் 2 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் நாலு கேமராவுக்கு 8 எம்பிபிஎஸ், ஒரு நாளைக்கு 86.4 ஜிபி. 1 டிபி டிஸ்க் என்பது 1000 ஜிபி (பெட்டி வேறு அளவுமுறையில் 931 என்று காட்டும்), ஆக 11 நாளைக்குக் கொஞ்சம் மேல். 2 டிபி என்றால் 23 நாள். எச்.264-இல் இதே தரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு எழுத வேண்டியிருக்கும், 1 டிபி ஆறு நாளுக்குள் நிரம்பி, பழையது அழிய ஆரம்பிக்கும்.

எத்தனை நாள் வேண்டும்? பூட்டிவிட்டு அதிகபட்சம் எத்தனை நாள் வெளியூர் போவீர்கள், அதோடு ஒரு வாரம் சேருங்கள். தீபாவளிக்கு எட்டு நாள் ஊருக்குப் போய்த் திரும்பி, பின்வாசல் தாழ்ப்பாள் நெம்பியிருப்பதை இன்னும் நாலு நாள் கழித்துக் கவனிக்கிறவர்கள் உண்டு. அதற்குள் முதல் நாள் பதிவு அழிந்திருந்தால் கேமரா வைத்தும் வைக்காததும் ஒன்றுதான். அசைவு இருந்தால் மட்டும் பதிவு என்று வைத்தால் நாள் கூடும், ஆனால் தெருவைப் பார்த்த கேமராவுக்குத் தென்னை ஓலை ஆடினாலும் அசைவுதான், அதை நம்பிச் சின்ன டிஸ்க் வாங்காதீர்கள்.

சர்வைலன்ஸ் டிஸ்க்தான் வேண்டும். டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்டவை, பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கை மாட்டினால் ஓடும், எத்தனை மாதம் என்று சொல்ல முடியாது. பழைய டிஸ்க்கைப் புதுசு போலத் துடைத்து விற்பதும் நடக்கிறது. அதனால் கடையிலேயே பெட்டியில் மாட்டி, மெனுவில் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் எஸ்எம்ஏஆர்டி பக்கத்தைத் திறந்து, டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதுசு என்றால் பூஜ்யம் அல்லது அதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் வாரன்டி எதுவரை என்றும் வந்துவிடும்.

பழைய டிவிஆரின் டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் புதுப் பெட்டியில் பயன்படுத்தலாம், ஆனால் ரொம்பக் கவனம். ஒவ்வொரு பிராண்டும் டிஸ்க்கில் தன் சொந்த முறையில் எழுதும், புதுப் பெட்டி அதைப் படிக்கத் தெரியாமல் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும், ஓகே அழுத்தினால் பழைய பதிவு அத்தனையும் போச்சு. அதில் வேண்டிய பதிவு ஏதாவது இருந்தால் முதலில் அதே பிராண்டு பெட்டி ஒன்றைக் கடனாக வாங்கி, மாட்டி, பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கைக் காயலான் கடையில் போடாதீர்கள். உங்கள் வீட்டில் யார் எப்போது வெளியே போகிறார்கள் என்பது முழுக்க அதில் இருக்கிறது.

ஆறாம் படி: நம்ம ஊர் காற்று, நம்ம ஊர் கரன்ட்

தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை போல கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்றால் புதுப் பெட்டி மாட்டுவதற்கு முன் எல்லா பிஎன்சி முனைகளையும் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் துடைத்துப் பயனில்லை, அந்த நுனியை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் போடச் சொல்லுங்கள். படத்தில் கோடு ஓடுவது, மழை பெய்தால் ஒரு கேமரா மட்டும் மறைவது எல்லாம் பெரும்பாலும் உப்புக்காற்றின் வேலை, அதற்குப் பெட்டியை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. வெளிச்சுவரில் இணைப்புகள் மூடியுள்ள ஜங்ஷன் பாக்ஸுக்குள்தான் இருக்க வேண்டும், கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2015 வெள்ளத்தைப் பார்த்த கடலூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் கட்டிலுக்கு அடியில் டிவிஆர் வைத்திருக்கும் வீடுகளை இன்னும் பார்க்கிறேன். ஆளுயரத்துக்கு மேல், காற்று போகும் இடத்தில், துணி அலமாரிக்குள் அடைக்காமல் வையுங்கள்.

கரன்ட் போனால் ஓட வேண்டும் என்றால் கணக்கு எளிது. டிஸ்க்கோடு டிவிஆர் சுமார் 15 வாட், கேமரா ஒன்று 4 அல்லது 5 வாட், ரவுட்டர் 10 வாட். எல்லாம் சேர்ந்து ஒரு ஃபேனை விடக் கம்மி. இன்வெர்ட்டர் லைனிலிருந்து ஒரு பிளக் இழுத்துவிடுங்கள். டிவிஆரை மட்டும் யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டுக் கேமராவின் எஸ்எம்பிஎஸ்ஸை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு, நாலு கறுப்புக் கட்டத்தைப் பெட்டி விடிய விடியப் பதிவு செய்துகொண்டிருக்கும். மின்னலுக்கு நல்ல எர்த்தும் சர்ஜ் புரொடெக்டரும் வேண்டும், ஆனால் நீளமான கோஆக்ஸியல் கேபிள் வழியாகவும் மின்னல் உள்ளே வரும் என்பதால் மாடிக் கேமராவுக்கு அந்தக் கேபிளிலும் ஒரு சர்ஜ் புரொடெக்டர் போடுவது நல்லது.

ஏழாம் படி: வாங்கும் நாள்

‘பாண்டியில் வாங்கினால் சீப்’ என்று அப்பா இன்னும் சொல்வார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறையலாம், ஆனால் கெட்டுப்போனால் அதைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். எனக்குக் கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ புதுச்சேரி அண்ணா சாலையிலோ நடந்து போய்க் கேட்கக்கூடிய கடைதான் சரி, கொஞ்சம் கூட ஆனாலும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் ஒன்றை, பெரிய மெகாபிக்சல் உள்ளதை, கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள். ‘அண்ணே, இதை மாட்டிப் படம் வருதான்னு காட்டுங்க’ என்று கேளுங்கள், தயங்க வேண்டாம். படம் வந்தால் அதோடு நிற்காமல் ஒரு நிமிஷம் பதிவு செய்து பிளேபேக்கும் காட்டச் சொல்லுங்கள். பில்லில் பெட்டிக்கும் டிஸ்க்குக்கும் தனித்தனியாக சீரியல் நம்பர் எழுதியிருக்க வேண்டும், இரண்டின் வாரன்டியும் வேறு வேறு.

எட்டாம் படி: மாட்டும்போது

பழைய பெட்டியிலிருந்து எதையும் பிடுங்கும் முன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து, ஒவ்வொரு கேபிளிலும் டேப் ஒட்டி வாசல், மாடி, கொல்லை என்று எழுதுங்கள். ஒரு கேமராவை மட்டும் மாட்டி ஆன் செய்து, படம் வந்த பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாக மாட்டுங்கள்.

பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள், மாட்ட வந்தவர் போட வேண்டாம். போன் ஆப்பில் உங்கள் மெயில் ஐடியில் கணக்குத் தொடங்கி, உங்கள் போனில்தான் பெட்டியின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டும். மாட்ட வந்தவர் தன் கணக்கில் சேர்த்துவிட்டு உங்களுக்கு ‘ஷேர்’ செய்தால் உங்கள் வீட்டுக் கேமரா அவர் கையில் இருக்கிறது என்று அர்த்தம், அவர் ஊரை விட்டுப் போனால் அந்தப் பெட்டியை உங்கள் பெயருக்கு மாற்றுவதும் பெரும்பாடு. நான் பார்த்த மாற்று வேலைகளில் ரொம்ப நேரம் தின்றது இதுதான். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை அப்படியே விடாதீர்கள். 2016-இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படி விடப்பட்ட டிவிஆர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்களையே முடக்கியது. பாஸ்வேர்டை மீட்கும் மெயிலையும் அன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள், ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டு (இணையத்திலிருந்து நேராகப் பெட்டிக்கு வரும் வழி) எதுவும் திறக்க வேண்டாம்.

நேரத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது ஜிஎம்டி கூட்டல் 5:30க்கு வைத்து, இணையத்தைப் பார்த்து நேரத்தைத் தானே சரிசெய்யும் என்டிபியை ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் மாதம் சில நிமிஷம் விலகும். போலீஸுக்குப் பதிவைக் கொடுக்க நேர்ந்தால் நேரம் தப்பாக இருப்பது பெரிய தலைவலி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதினியம் சட்டத்தின் 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும், அதில் எந்தக் கருவியில் பதிவானது என்று எழுத வேண்டியிருக்கும், அதனால் மாடலும் சீரியல் நம்பரும் உள்ள பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

மாட்டி ஒரு வாரம் கழித்து ஒரு பத்து நிமிஷம் உட்காருங்கள். மெனுவில் மிகப் பழைய பதிவு எந்தத் தேதி என்று பாருங்கள், ராத்திரி 2 மணிப் பதிவை ஒவ்வொரு கேமராவிலும் ஓட்டிப் பாருங்கள், ஒரு துண்டைப் பென்டிரைவில் எடுத்து லேப்டாப்பில் திறக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இதை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே செய்கிறார், மவுஸை அவர் கையில் கொடுத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு அரை மணி நேரம்தான் ஆனது.